பன்னிரண்டு நாள் நிறுத்திய மாத்திரை

ஏழுமலையானை நம்பி மூச்சு விடும் எல்லாருக்கும் என் வணக்கம். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பேருந்தில் சில்லறை பாக்கி கேட்கக்கூட வெட்கப்படுகிறவள். ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் அது பெரிய பாவம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன என் கணவர் முனிரத்தினம், பத்து மணிக்கு நான் கூழ் கொண்டு போனபோது வரப்பில் உட்கார்ந்திருந்தார். முகம் வேர்த்துக் கொட்டியது. என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"பாருமே. உள்ள கோழியப் புடிச்சி அமுக்கி வெச்ச மாதிரி கீது."

கையை எடுக்காமல் வைத்திருந்தேன். துடிப்பு ஒரு ஒழுங்கில் இல்லை. நாலு தடவை வேகமாக அடிக்கும், நிற்கும், மறுபடி ஏதோ தாறுமாறாக அடிக்கும். எனக்கு நாற்பத்தாறு வயது, அவருக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடம் பக்கத்தில் படுத்திருக்கிறேன். அந்த நெஞ்சு இப்படி அடித்து நான் பார்த்ததில்லை.

ஊர் ஆட்டோவில் ஏற்றி புத்தூர் போனோம். அங்கிருந்து சித்தூரில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். இதயத் துடிப்பு தவறிவிட்டது, வால்வும் சுருங்கியிருக்கிறது, சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சலின் பாக்கி இது என்று அவர் சொன்னார். திருப்பதியில் இருக்கும் பெரிய இதய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் கொடுத்து, "இத ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க" என்றார். அந்த வார்த்தையை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

திருப்பதியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்துக்குள் ரத்தக் கட்டி எதுவும் இல்லை, நல்லது என்றார்கள். பிறகு இரண்டு டாக்டர்கள் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். ஒருவர் வயர் விட்டு வைத்தியம் செய்கிறவர், தெலுங்குக்காரர். இன்னொருவர் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்கிறவர். அவர் சித்தூர்ப் பக்கம்தான், எங்களைப் போலவே தமிழ் பேசினார். என் கணவர் விவசாயி என்று தெரிந்ததும் அவர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார்.

"இதோ இந்த மேல் அறையில கரண்டு ஒரே வழியா ஓடணும். இப்ப வரப்பு ஒடஞ்ச கழனில தண்ணி பாயிற மாதிரி நாலு பக்கமும் ஓடுது. நாங்க மறுபடி வரப்பு கட்டணும். அவ்ளோதான்."

வரப்பு கட்ட இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, தொடை நரம்பு வழியாக வயர் விடுவது. பலூன் வைத்து வால்வை விரித்து, பிறகு வயரின் நுனியில் சூடு வைத்து, கரண்டு கசியும் இடத்தைச் சுற்றிக் கோடு போடுவார்கள். நெஞ்சைக் கிழிக்க வேண்டாம், நாலைந்து நாளில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் படபடப்பு திரும்பி வரலாம், மறுபடி ஒரு தடவை செய்ய வேண்டியும் வரலாம். இன்னொன்று, நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, இதயத்தை நிறுத்தி, வால்வை மாற்றி, மேல் அறை முழுக்கக் கோடு கோடாக வரப்பு போடுவது. ஒரே தடவையில் எல்லாம் முடியும், துடிப்பு ஒழுங்காக நிற்கவும் வாய்ப்பு அதிகம். ஆனால் உயிருக்கு ஆபத்தும் அதிகம், எழுந்து நடமாட மாதக் கணக்கில் ஆகும்.

என் நாத்தனார் கோவிந்தம்மா கூட வந்திருந்தாள். அவளுக்கு டாக்டர், கலெக்டர் என்று யாரைப் பார்த்தும் பயம் கிடையாது.

"சார், சத்தியவேட்டுல ஒருத்தருக்கு விலாவுல மூணு ஓட்டை போட்டே சரி பண்ட்டாங்களாமே. எங்க அண்ணனுக்கு மட்டும் இன்னாத்துக்கு மாரப் பொளக்கறீங்க?"

தமிழ் பேசும் டாக்டர் சிரித்துவிட்டார். "அதுவும் ஒரு வழிதாம்மா. இதயத்துக்கு வெளிப்பக்கமா சூடு வெக்கறது. வால்வு நல்லா கீறவங்களுக்குச் சரிப்படும். உங்க அண்ணனுக்கு உள்ள கீற வால்வும் கெட்டுப்போச்சு. அந்த ஓட்டை வழியா அதையும் இதையும் சேர்த்துச் செய்ய முடியாது."

இவருக்கு வயரும் செய்யலாம், ஆபரேஷனும் செய்யலாம், நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள் என்று இருவரும் சொன்னார்கள். யோசிக்க எங்களுக்கு என்ன தெரியும்? நெஞ்சை அறுப்பது என்ற வார்த்தை கேட்டதிலிருந்து என் கணவர் சோறு தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோவிந்தம்மா, பெருமாளையே கேட்டுவிடலாம் என்றாள். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் ஒன்று போலக் கட்டிச் சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வயர், சிவப்பு வந்தால் ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு நான்தான் எடுத்தேன். வெள்ளை வந்தது. என் கணவர் அங்கேயே விழுந்து கும்பிட்டு அழுதார். வயர் போடுவதற்கு முன்னால் மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார்.

தப்பு இங்கேதான் ஆரம்பித்தது.

அந்த மாத்திரை போட்டால் சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்காது என்று சித்தூரில் சொல்லியிருந்தார்கள். மொட்டை அடிக்கும்போது கத்தி பட்டுவிட்டால்? சாமி இடத்தில் ரத்தம் கொட்டினால் அபசகுனம் ஆகாதா? அவருக்கு அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. கோவிந்தம்மாவும், "பத்து நாள் மாத்திர இல்லன்னா உயிரா போய்டும்? முடி குடுத்துட்டு வந்து துன்னுக்கலாம்" என்றாள். நான் அடுப்படியிலிருந்து, "டாக்டரு நிறுத்தக் கூடாதுன்னாரே மாமா" என்றேன். என் குரல் அடுப்படி வாசலைத் தாண்டியிருக்காது. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் மாத்திரை போடவில்லை. புரட்டாசி முதல் சனிக்கிழமை மலைக்குப் போனோம். மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்து ஏறுகிறேன் என்று அடம்பிடித்தவரைக் கெஞ்சி பஸ்ஸில் ஏற்றினேன். ஒரு கீறல் இல்லாமல் மொட்டை அடித்தார்கள். சந்தோஷமாகத் தரிசனம் செய்தோம். மறுநாளிலிருந்து மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். எட்டு நாள் கழித்து வயர் வைத்தியத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம்.

சேர்ந்த அன்று நர்ஸ் வந்து, "பெத்தாயனா, டேப்லெட் ரோஜு வேஸ்குன்னாரா?" என்று கேட்டாள். தினமும் போட்டீர்களா என்று கேட்கிறாள். "ரோஜு, ரோஜு" என்றார் என் கணவர், கொஞ்சமும் யோசிக்காமல். போர்வைக்கு அடியில் என் விரலைப் பிடித்து நெரித்தார். ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்தது, மறுபடி மாத்திரை ஆரம்பித்திருந்தாரே. மாத்திரை ஒழுங்காகப் போட்டிருப்பதால் போன மாத ஸ்கேனே போதும், நாளைக் காலை முதல் ஆளாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

நர்ஸ் போனதும் நான், "சொல்லிடலாமே" என்றேன்.

"இன்னாத்த சொல்றது? சொன்னா திட்டி ஊட்டுக்கு அனுப்புவான். இல்லன்னா மாரத் தொறப்பான். பெருமாளே வெள்ளப் பூ குடுத்துட்டாரு. நீ கம்முனு இரு."

கம்மென்று இருப்பது எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பூ வந்த பிறகு டாக்டரிடம் போய்ப் பேசினால் சாமியை நம்பாத மாதிரி ஆகுமா? பேசாமல் இருந்து இவருக்கு ஏதாவது ஆனால்? இரண்டு பக்கமும் பயம். பொழுது விடிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

காலை ஒன்பது மணிக்குத் தள்ளுவண்டியில் அவரைக் கொண்டு போனார்கள். கதவு சாத்தினார்கள். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

அப்போது நான் வேண்டியதை அப்படியே எழுதுகிறேன். "கோவிந்தா, அவரக் காப்பாத்துன்னு நூறு தடவ கேட்டுட்டேன். இப்ப அதக் கேக்கல. எனக்கு வாயக் குடு. ஒரே ஒரு தடவ குடு. அப்பறம் ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன்." கண்ணீர் தாடையில் சொட்டியது. ஒரு வார்த்தைகூட வெளியே வராது என்றுதான் நினைத்தேன்.

கதவு திறந்தது. ஒரு ஊழியர் என் கணவரின் வெள்ளி அரைஞாணை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்து வந்து, பெயர் சொல்லி என் கையில் கொடுத்தார். திரும்பினார். கதவு மூடப் போனது. நான் என் கையைக் கதவுக்கு நடுவில் வைத்தேன். விரல் நசுங்கியது.

"அய்யா! அவரு மாத்திர போடல!"

அது என் குரல்தான். அத்தனை சத்தமாக நான் பிரசவத்தில்கூடக் கத்தியதில்லை. நாற்பது பேரும் திரும்பினார்கள். கோவிந்தம்மா ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. உள்ளேயிருந்து வயர் வைத்தியம் செய்யும் டாக்டர் முகமூடியோடு வெளியே வந்தார்.

"ஏமைந்தம்மா?" என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"மொட்ட அடிக்கணும்னு பன்னெண்டு நாளு மாத்திரய நிறுத்திட்டாரு சார். கேட்டா போட்டேன்னு பொய் சொன்னாரு. நானும் கம்முனு இருந்தேன்."

திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. உள்ளே திரும்பி, நிறுத்துங்கள், தொண்டை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று தெலுங்கில் சொன்னார்.

அரை மணி நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். திரையில் காட்டினார்கள். இதயத்தின் மேல் அறையில், காது மடல் போல ஒரு சின்னப் பை இருக்கிறது. அதற்குள் அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"இது தெரியாம வயர் உள்ள போயிருந்தா, இது பிச்சிக்கினு மூளைக்குப் போயிருக்கும்" என்றார் தமிழ் பேசும் டாக்டர். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் நிம்மதி அதோடு வந்துவிடவில்லை. கட்டி இருப்பதால் இனி வயர் கிடையாது என்றார்கள். மாத்திரை கொடுத்துக் கட்டி கரையும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கலாம், ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் கட்டி எப்போது பிடுங்கிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. நெஞ்சைத் திறந்தால் கட்டியை எடுத்து, அந்தப் பையையும் அடைத்து, வால்வையும் துடிப்பையும் ஒன்றாகச் சரிசெய்யலாம். எந்த வழிக்கு இவர் பயந்தாரோ, அந்த வழி மட்டும்தான் மிச்சம் இருந்தது.

என் கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீதானே சொன்ன. இப்ப அறுக்கட்டும். பார்த்துக்கினு நில்லு" என்றார். அதுதான் கடைசி வார்த்தை. இரண்டு நாள் சுவர் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். நான் கஞ்சி ஊட்டப் போனால் கோவிந்தம்மாவைக் கூப்பிடுவார். அவர் கையெழுத்துப் போட்ட தாளில் பக்கத்தில் நானும் போட்டேன். அப்போதுகூடப் பேனாவை என் கையில் தராமல் மேசையில் வைத்தார்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆபரேஷனுக்குக் கொண்டு போனார்கள். வண்டி திரும்பும்போது என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

அந்த நாளை எப்படிச் சொல்ல? என் மேல் கோபத்தோடேயே போய்விடுவாரோ என்ற எண்ணம்தான் என்னைத் தின்றது. நான் வாயைத் திறந்ததால்தான் இவரை அறுக்கிறார்கள். திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பார், அதுவும் தெரியும். தெரிந்து என்ன? மனசு கேட்கவில்லை. மதியம் கோவிந்தம்மா தயிர்சாதம் கொண்டு வந்தாள். "துன்னு அண்ணி" என்றாள். "நான்தானே மாத்திர வேணாம்னேன்" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள். அப்போதுதான் நான் என் முடியைக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டேன். கேட்டதற்குக் கூலியாக இல்லை. கொடுப்பதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, வால்வு மாற்றியாயிற்று, வரப்பும் போட்டாயிற்று என்றார். நான் கும்பிட்டேன். "இரும்மா. இதயம் தானா ஓட ஆரம்பிக்கல. வெளியில இருந்து கரண்டு குடுத்து ஓட வெச்சிருக்கோம். ரெண்டு மூணு நாள் பார்க்கணும்" என்றார்.

மூன்று நாள். மெஷின் துடிக்க வைத்த நெஞ்சை ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் மட்டும் போய்ப் பார்த்தேன். வாயில் குழாய், கண் மூடியிருந்தது. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை, காய்ச்சல் வேறு வந்தது. நிலையாகப் பேஸ்மேக்கர் என்ற கரண்டு பெட்டி வைக்க வேண்டியிருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். நான் "கோவிந்தா" என்பதைத் தவிர எல்லா வார்த்தையையும் மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணி. ஐந்து நிமிடத்துக்காக உள்ளே நின்றுகொண்டிருந்தேன். நர்ஸ் மெஷினைக் குறைத்துப் பார்த்தாள். திரையில் கோடு ஒரு கணம் படுத்தது. என் உயிரும் அதோடு படுத்தது. பிறகு ஒரு மேடு வந்தது. அதே இடைவெளி விட்டு இன்னொன்று. இன்னொன்று. நர்ஸ் திரும்பி, "அம்மா, ஆயனதே இதி!" என்றாள். இது அவருடைய சொந்தத் துடிப்பு என்று சொல்கிறாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் குழாயை எடுத்தார்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தொண்டை கட்டிப்போய், காற்று மாதிரிக் குரல் வந்தது.

"ஊரே கேக்க கத்துனியாமே. இப்ப இன்னா கம்முனு நிக்கற?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது. அவர் கையைத் தூக்கப் பார்த்தார், ஊசி குத்தியிருந்ததால் முடியவில்லை. நானே குனிந்து என் தலையை அவர் கைக்குக் கீழே வைத்தேன்.

தை மாதம் நான் மலைக்குப் போய் முடி கொடுத்தேன். மொட்டைத் தலையோடு ஊருக்குள் நடந்தபோது முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. பிறகு போய்விட்டது. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு நான்தான் உள்ளே போகிறேன். மாத்திரை டப்பா என் பொறுப்பு. கோவிந்தம்மா மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. "வெள்ளப் பூ வந்ததாலதான வயருக்குப் போனீங்க, வயருக்குப் போனதாலதான கட்டி தெரிஞ்சுது" என்று வாதாடுகிறாள். இருக்கலாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. பூவைக் கேட்டபோது மாத்திரை விஷயம் நடந்திருக்கவே இல்லை. தப்பு செய்துவிட்டு, அதே பூவுக்குப் பின்னால் நாங்கள் ஒளிந்துகொண்டோம். சாமி எங்களை அங்கே ஒளிந்திருக்க விடவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். விரதமோ வேண்டுதலோ பயமோ, ஏதோ ஒன்றுக்காக டாக்டரிடம் மறைத்தது ஒன்று இருக்கலாம். பெருமாளிடம் அழுங்கள், அவர் கேட்பார். அழுதுவிட்டு எழுந்து போய் அந்த ஒன்றைச் சொல்லிவிடுங்கள். சொல்லப் பயமாக இருந்தால் அந்தத் தைரியத்தையே கேளுங்கள். வாய் இல்லாத எனக்கே கொடுத்தார், உங்களுக்குக் கொடுக்காமல் இருப்பாரா?

இதை எழுதும்போது மதியம் இரண்டு மணி. என் கணவர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தூங்குகிறார். புது வால்வு உலோகத்தால் ஆனது. அக்கம்பக்கத்தில் சத்தம் இல்லாதபோது கடிகாரம் மாதிரி அது டிக் டிக் என்று கேட்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வேர்க்கிறது, பரவாயில்லை. ஒரே சீராகக் கேட்கிறது.